கசகசாவும் கப்பலும்: பம்பாயின் அபினி வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் குடும்பத்தோடு துபாய்க்குக் குடிபோனாள். என் மனைவி இரண்டு நாளாக மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, வடகம் என்று கட்டிக் கட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஒரே ஒரு பொட்டலத்தை மட்டும் எடுத்து வெளியே வைத்தார். அது கசகசா.

"அத்தை, இது அந்த ஊரில் தடை. ஏர்போர்ட்டில் பிடித்தால் ஜெயிலுக்குத்தான் போகணும்."

"குருமாவுக்கு அரைக்கிற கசகசாவுக்கா ஜெயிலு? என்ன மாப்பிள்ளை, விளையாடுறீங்களா?" என்றாள் என் மனைவி.

அவர் விளையாடவில்லை. கசகசா என்பது அபினிச் செடியின் விதை. விதையில் போதை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. அபினியிலிருந்து மார்ஃபின், மார்ஃபினிலிருந்து ஹெராயின், கலப்படம் செய்த மட்டமான ஹெராயின்தான் பிரவுன் சுகர். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் பம்பாய் ரயில்வே பாலத்தடியில் சுருண்டு கிடக்கும் பையனுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செடிதான்.

அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது. இந்த மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, இதையே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

மேல்மாடிப் பையன்

நான் 1974ல் பம்பாய்க்கு வந்தவன். செம்பூரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு நெல்லைக் குடும்பம். அவரை நான் அண்ணாச்சி என்பேன். அவர் மனைவியை மதினி என்பேன். அவர்களுக்கு ஒரே பையன். கெட்டிக்காரன். எட்டாவது வரை வகுப்பில் முதல். மராத்தியும் இந்தியும் தாய்மொழி போலப் பேசுவான். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

1985 வாக்கில் அவன் மெலிய ஆரம்பித்தான். வீட்டில் சில்லறை காணாமல் போயிற்று. பிறகு குத்துவிளக்கு, பிறகு மதினியின் வளையல். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தை அவன் அறையில் நானே பார்த்தேன். அந்தக் காலத்தில் பம்பாயில் இப்படிப்பட்டவர்களைக் 'கர்துல்லா' என்று கேலியாகச் சொல்வார்கள். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் இரவு கதவைத் தட்டினான். "மாமா, இருபது ரூபா இருக்குமா? கடைசித் தடவை. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரப் போறேன்" என்றான். "வெட்கமா இல்லையாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். பணம் கொடுக்காதது தவறில்லை. ஆனால் ஆஸ்பத்திரி என்றானே, "வா, நானே கூட்டிப் போகிறேன்" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

1987ல் போய்விட்டான். வயது இருபத்திரண்டு. "யார் கேட்டாலும் மஞ்சக்காமாலைன்னு சொல்லிருங்க தம்பி. ஊர்ல தெரிஞ்சா தலை காட்ட முடியாது" என்றார் அண்ணாச்சி. அப்படியே சொன்னேன். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். மதினி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வெட்கம், தலை காட்ட முடியாது, ஊர் என்ன சொல்லும்: இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தப் பையனைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்தன. அந்த வெட்கம் நியாயமானதுதானா என்று நான் ஓய்வு பெற்ற பிறகுதான் யோசித்தேன். யோசிக்க வைத்தது இந்த ஊரின் வரலாறு.

இரண்டு 'ஜே' யார்?

பம்பாய்க்காரர்கள் நாம் எல்லோரும் ஜே.ஜே. ஆஸ்பத்திரி என்கிறோம், ஜே.ஜே. ஓவியக் கல்லூரி என்கிறோம். அந்த இரண்டு ஜே யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் சர் ஜம்சேட்ஜி ஜீஜீபாய். 1783ல் பிறந்த பார்சி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். சீனாவுக்கு ஐந்து முறை கடற்பயணம் போனவர். 1805ல் அவர் சென்ற 'பிரன்ஸ்விக்' என்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே கப்பலில் டாக்டராக வந்தவர் வில்லியம் ஜார்டின் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அந்த நட்பு பிற்காலத்தில் பெரிய வியாபாரக் கூட்டாயிற்று. பம்பாயிலிருந்து பருத்தியும் அபினியும் அனுப்பியவர் ஜம்சேட்ஜி. சீனக் கரையில் வாங்கி விற்றது ஜார்டின் மாத்திசன் கம்பெனி.

அந்தச் செல்வத்தை அவர் பதுக்கி வைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1845ல் ஆஸ்பத்திரி திறந்தது. 1857ல் ஓவியப் பள்ளி வந்தது. மாஹிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் சாலைப் பாலத்துக்கு அவர் மனைவி அவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார். 1845ல் திறந்த அந்தப் பாதையில் இன்றும் பஸ்ஸில் போகிறோம். ஆங்கில அரசு 1842ல் ஜம்சேட்ஜிக்கு சர் பட்டம் கொடுத்தது. முதல் அபினிப் போரில் தோற்ற சீனா நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் அதே 1842தான்.

பாக்தாதிலிருந்து வந்த யூதரான டேவிட் சசூனின் குடும்பமும் இப்படித்தான். இந்திய அபினி வியாபாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சசூன் கம்பெனியே முன்னணியில் நின்றது. இன்று மீன் வாங்கப் போகிறோமே சசூன் டாக், அது 1875ல் அந்தக் குடும்பம் கட்டியது.

இந்தப் பெரியவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர்கள் காலத்தில் பம்பாயிலிருந்து அபினி அனுப்புவது சட்டப்படி நடந்த தொழில். ஒவ்வொரு பெட்டிக்கும் அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டி, முத்திரை வாங்கி அனுப்பினார்கள். நான் கவனிப்பது வேறொன்று. அபினி விற்றவருக்குப் பட்டம் கிடைத்தது, தெருவுக்குப் பெயர் கிடைத்தது. அபினி தின்றவனுக்கு மட்டும் வெட்கம் கிடைத்தது.

கீறிய காயும் கம்பெனியின் கணக்கும்

இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

ஆங்கிலேயருக்குச் சீனத் தேயிலை வேண்டும். சீனர்களுக்கு ஆங்கிலேயரின் சரக்கு பெரிதாகத் தேவைப்படவில்லை, வெள்ளிதான் கேட்டார்கள். வெள்ளியைக் கொட்டிக் கொடுக்க மனமில்லாத கிழக்கிந்தியக் கம்பெனி அபினியைப் பிடித்துக்கொண்டது. 1773ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காள, பீகார் அபினியைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். விவசாயிக்கு முன்பணம் கொடுத்துப் பயிரிடச் செய்வார்கள். விளைந்தது அத்தனையும் கம்பெனி சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். பாட்னாவிலும் காஜிபூரிலும் உருட்டிப் பெட்டியில் அடைத்து, கல்கத்தாவில் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுக்கும் தனி வியாபாரி சீனாவுக்குக் கடத்துவான். கம்பெனியின் கை சுத்தம்! சீனாவில் அபினி தடை என்பது கம்பெனிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சீனப் பேரரசர் 1729லேயே அபினி விற்பனையைத் தடுத்து ஆணை போட்டிருந்தார்.

பம்பாயின் கதை கொஞ்சம் வேறு. இங்கே வந்தது மாளவ அபினி. இந்தூர், உஜ்ஜயின், மந்தசூர் பகுதிகளில், ஹோல்கர், சிந்தியா போன்ற சுதேச மன்னர்களின் நிலத்தில் விளைந்தது. அதைக் கம்பெனியால் கட்டுப்படுத்த முடியவில்லை. ராஜஸ்தான் பாலைவனம் வழியாகக் கராச்சி போய், அங்கிருந்து போர்ச்சுகீசியரின் டாமனுக்கு வந்து கப்பலேறியது. தடுத்துப் பார்த்துத் தோற்ற கம்பெனி, 1830 வாக்கில் ஒரு தந்திரம் செய்தது. "தாராளமாகப் பம்பாய் வழியாகவே அனுப்புங்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று எங்களுக்குக் கட்டிவிடுங்கள்" என்றது. 1843ல் சிந்து மாகாணம் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் கராச்சி வழி அடைபட்டது. அதன் பிறகு தீர்வை ஏறிக்கொண்டே போயிற்று: 1847ல் பெட்டிக்கு 400 ரூபாய், 1862ல் 600 ரூபாய். ஒரு பெட்டி என்பது அறுபது கிலோவுக்குச் சற்று அதிகம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்திய அரசின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அபினியிலிருந்து வந்தது. ரயில் போட்டதும், பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுத்ததும் இந்தப் பணமும் சேர்ந்ததுதான். ஒரு தேசத்தின் பட்ஜெட்டே இன்னொரு தேசத்தின் போதைப் பழக்கத்தில் நின்றது.

1839ல் சீனப் பேரரசரின் பிரதிநிதியாகக் காண்டனுக்கு வந்த லின் சேசூ, அந்நிய வியாபாரிகளிடமிருந்து இருபதாயிரத்துக்கும் அதிகமான பெட்டிகளைப் பறிமுதல் செய்தார். சுண்ணாம்பும் உப்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். முழுவதும் அழிக்க மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. அந்தச் சரக்கில் பம்பாய் வியாபாரிகளுடையதும் இருந்தது. பலர் நொடித்துப் போனார்கள். பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. 1842ல் ஹாங்காங்கை எடுத்துக்கொண்டது. அழித்த அபினிக்கு 60 லட்சம் வெள்ளி டாலர் நஷ்ட ஈடும் வாங்கியது. திருட்டுச் சரக்கை அழித்த ஊர்க் காவலரிடமே அதன் விலையை வசூலித்த மாதிரி!

பாள்கோளி

இவ்வளவும் சீனாவின் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். அபினி இங்கேயும் தங்கியது. வீட்டுக்குள்ளேயே தங்கியது.

மராத்தியில் 'பாள்' என்றால் குழந்தை. 'கோளி' என்றால் உருண்டை, மாத்திரை. பாள்கோளி என்பது குழந்தைக்குக் கொடுக்கும் சின்ன அபினி உருண்டை. பரேல், லால்பாக் பகுதிகளில் பஞ்சாலைகள் பெருகிய காலம். தாய் விடியற்காலையில் மில்லுக்குப் போக வேண்டும். நாள் முழுதும் தறி முன்னே நிற்க வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? மில்லில் குழந்தைகளுக்கு இடமில்லை. சாலில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். ஓர் உருண்டையை வாயில் போட்டால் பிள்ளை அழாமல் தூங்கும். பசி தெரியாது. சாயங்காலம் தாய் வந்து எடுப்பாள். சில பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

1922ல் பம்பாய் அரசின் தொழிலாளர் இதழில் ஒரு பெண் மருத்துவரின் அறிக்கை வந்தது. ஆலைகளில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 98 பேருக்கு அபினி கொடுக்கப்படுகிறது என்றார் அவர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்றால் அதை ஒரு தாயின் கெட்ட புத்தி என்று சொல்ல முடியுமா? 1929ல் அமைக்கப்பட்டு 1931ல் அறிக்கை தந்த தொழிலாளர் ராயல் கமிஷனும் இந்தப் பழக்கத்தைக் கவனித்து, ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. நோய் எங்கே இருந்தது பாருங்கள். தாயிடம் இல்லை, காப்பகம் இல்லாத மில்லில் இருந்தது, லைசென்ஸ் பெற்ற அபினிக் கடையில் இருந்தது.

கமிஷன் தந்த தீர்ப்பு

எதிர்ப்பே இல்லையா என்றால், இருந்தது. தாதாபாய் நவ்ரோஜியை நாம் காங்கிரஸ் தலைவராக அறிவோம். 1855ல் அவர் காமா கம்பெனியின் பங்காளியாக லண்டன் போனார். கம்பெனி அபினியிலும் மதுவிலும் லாபம் பார்த்தது பிடிக்காமல் சில ஆண்டுகளிலேயே விலகிவிட்டார். அதே பம்பாய், அதே பார்சி சமூகம். அதிலேயே இப்படியும் ஒருவர்! சீனாவுடனான அபினி வியாபாரத்தைப் பின்னாளில் கடுமையாகக் கண்டித்தும் எழுதினார். வங்காளத்தில் இருபது வயது இளைஞரான ரவீந்திரநாத தாகூர் 1881லேயே இதை மரண வியாபாரம் என்று கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

இங்கிலாந்திலும் குரல் எழுந்தது. தாங்க முடியாமல் 1893ல் பிரிட்டிஷ் அரசு அபினி ராயல் கமிஷன் ஒன்றை நியமித்தது. பிராஸி பிரபு தலைவர். இந்திய உறுப்பினர்கள் இருவர்: தர்பங்கா மகாராஜா, ஜூனாகட் திவானாக இருந்த ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாய். எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். 1895ல் வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? இந்தியர்கள் பெரும்பாலும் அளவோடுதான் அபினி உண்கிறார்கள், பெரிய கேடு இல்லை, தடை வேண்டியதில்லை! உறுப்பினர்களில் ஹென்றி வில்சன் ஒருவர்தான் இதை ஏற்காமல் தனியே எழுதி வைத்தார்.

அந்தக் கமிஷனைச் சும்மா திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கருவூலத்தில் அபினிப் பணம் வந்துகொண்டிருக்கும்போது கெடுதலைப் பார்க்கிற கண்ணும் மங்கிவிடுகிறது. இது ஆங்கிலேயருக்கு மட்டுமே உள்ள கோளாறு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கைவிடப்பட்ட வருமானம்

ஆனாலும் இந்த வருமானத்தைக் கைவிட்டதும் வரலாறுதான். 1907ல் சீனாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பத்தாண்டில் நிறுத்துவது என்பது ஏற்பாடு. சொன்ன கெடுவுக்கு முன்பே, 1913ல் சீனாவுக்கு அபினி விற்பது நின்றது. மற்ற நாடுகளுக்கு மருந்துக்கல்லாமல் அனுப்புவதை 1935க்குள் நிறுத்துவதாக 1926ல் இந்திய அரசு அறிவித்தது. விடுதலைக்குப் பின் 1949ல் கூடிய அகில இந்திய அபினி மாநாடு, உள்நாட்டில் அபினி உண்பதையும் பத்தாண்டில், 1959 மார்ச்சுக்குள், முடிவுக்குக் கொண்டு வரத் தீர்மானித்தது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைச் சரக்கைக் குறைத்தார்கள். ஏற்கெனவே அடிமையானவர்களைப் பதிவு செய்து, மருத்துவர் சான்றின் பேரில் அளந்து கொடுத்தார்கள். அடிமையை உதைத்துத் திருத்தவில்லை. கணக்கில் எடுத்துக் கரையேற்றப் பார்த்தார்கள். இது நாம் மறந்துவிட்ட நல்ல பாடம்.

நம் தமிழகத்திலும் இதற்கு ஒப்பான ஒரு முன்மாதிரி உண்டு. அது அபினியில் அல்ல, கள்ளிலும் சாராயத்திலும். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். சாராய வருமானம் போனால் பள்ளிக்கூடம் நடப்பது எப்படி என்று கேட்டார்கள். 1939ல் விற்பனை வரியைக் கொண்டு வந்தார். மதுவிலக்குச் சரியா தவறா, கள்ளச் சாராயம் பெருகுமா என்பதெல்லாம் வேறு வாதம். வருமானத்துக்கு மாற்று வழி தேடாமல் பழக்கத்தை ஒழிப்பேன் என்று பேசுவது வெறும் பேச்சு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு 1971ல் மதுவிலக்குத் தளர்ந்ததும், 1983ல் டாஸ்மாக் பிறந்ததும், 2003லிருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துவதும் நாம் பார்த்ததே.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை எங்கே வைத்தார் என்று யோசித்திருக்கிறீர்களா? அறத்துப்பாலில் அல்ல. 93ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்தார். அரசும் பொருளும் நட்பும் பேசப்படும் இடம் அது. போதை என்பது தனி மனிதன் ஒழுக்கம் மட்டுமல்ல, நாட்டு நடப்போடு சேர்ந்த விஷயம் என்பதற்கு இதையும் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பிரவுன் சுகர் வந்த வழி

அபினிக் கடைகள் மூடியபின் பம்பாய் நிம்மதியாக இருந்ததா? கொஞ்ச காலம்தான்.

1898ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஹெராயின் என்று பெயர் சூட்டி இருமல் மருந்தாகச் சந்தைக்கு விட்டது. பழக்கமாகிவிடும் என்று பின்னால் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. 1979க்குப் பின் ஆப்கானிஸ்தானில் போரும் ஈரானில் புரட்சியும் வந்தன. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லையில் செய்த ஹெராயின் மேற்கே போவதற்கு இந்தியாவும் ஒரு வழியாயிற்று. துறைமுகமும் விமான நிலையமும் உள்ள பம்பாயில் அது கொஞ்சம் சிந்தியது. சிந்திய கொஞ்சம்தான் 1980களில் பிரவுன் சுகர் ஆகி, எங்கள் மேல்மாடி வரை ஏறி வந்தது.

1985 நவம்பர் 14ஆம் தேதி போதைப் பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. விற்பவனுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. ஆனால் சின்ன அளவோடு பிடிபடும் அடிமையும் பெரிய கடத்தல்காரனும் ஒரே வலையில் விழுந்தார்கள். 2001ல்தான் அளவுக்கு ஏற்பத் தண்டனை என்று திருத்தம் வந்தது.

இன்றும் மாளவத்தில் அபினி விளைகிறது. அரசு லைசென்ஸ் தருகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விவசாயிகள் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிபூரிலும் அரசு ஆலைகள் அதை மருந்தாக்குகின்றன. காஜிபூர் ஆலை 1820ல் கம்பெனி தொடங்கியதே. புற்றுநோயாளியின் வலிக்கு மார்ஃபின் இங்கிருந்துதான் வருகிறது. ஆக, செடியின் மேல் குற்றமில்லை. யார் கையில், என்ன கணக்கில் என்பதில்தான் எல்லாம்.

நம் வீட்டுக் கதவு

2019ல் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் அபினி வகைப் பொருள்களை உபயோகிப்பவர்கள் சுமார் 2.26 கோடிப் பேர். அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம். மது அருந்துவோர் சுமார் 16 கோடி. இதில் தமிழர், மராத்தியர், பஞ்சாபி என்ற வித்தியாசம் இல்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு கஷ்டம் அதிகம். இங்கே தாத்தா பாட்டி இல்லை. சித்தப்பா, பெரியப்பா இல்லை. பிள்ளை எந்தக் கூட்டாளியோடு, எந்த மொழியில், என்ன பேசுகிறான் என்று பெற்றோருக்கே தெரிவதில்லை. ஏதாவது நடந்தால் முதலில் வரும் கவலை, "சங்கத்துக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" என்பது. அதனால்தான் இதைச் சங்க மலரிலேயே எழுதுகிறேன்.

மறைக்காதவர்களும் நம்மில் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிப் பழக்கத்துக்குப் பறிகொடுத்தவர். பெரிய தொழிலதிபர் குடும்பம். மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1980ல் கணவர் பெயரிலேயே, டி.டி. ரங்கநாதன் பெயரிலேயே, போதை அடிமைகளுக்கான சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அடிமையாதல் ஒரு நோய், குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும் என்பதை நம் மக்களுக்கு எடுத்துக் காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பலருக்குத் தெரியாது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்குப் போய்விடலாம். 14446 என்ற எண்ணில் மத்திய அரசின் இலவசத் தொலைபேசி உதவியும் இருக்கிறது. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாது, பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம்.

வரலாறு எனக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். இருநூறு ஆண்டுகளாக இந்தச் செடியால் லாபம் பார்த்தவர்கள் யாரும் தலை குனியவில்லை. கம்பெனி குனியவில்லை, கமிஷன் குனியவில்லை, துறைமுகம் குனியவில்லை. அழாமல் தூங்கட்டும் என்று உருண்டை கொடுத்த மில் தாயும், சீனத்துக் கூலியும், எங்கள் மேல்மாடிப் பையனும்தான் குனிந்தார்கள். வெட்கத்தைத் தப்பான ஆள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

அண்ணாச்சி இப்போது இல்லை. மதினி ஊரில் இருக்கிறார்கள். வயது எண்பதுக்கு மேல். இந்தக் கட்டுரையை எழுதுமுன் போன் செய்து, "உங்க பையனைப் பத்தி எழுதலாமா மதினி? பேர் போட மாட்டேன்" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எழுதுங்க தம்பி. மஞ்சக்காமாலைன்னு மட்டும் எழுதிராதீங்க" என்றார்கள்.